மூச்சு வாங்கும் குழாய்

அந்த வாடைக்காலம் முழுவதும் நான் படுத்தே கிடந்தேன். எதையும் தூக்கக் கூடாது, சரிவில் இறங்கக் கூடாது, முடிந்தவரை கட்டிலை விட்டு எழக் கூடாது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டாள். படுத்துக் கிடப்பவளுக்கு உலகம் சன்னல் அளவுதான். என் சன்னலில் எங்கள் சரிவு தெரிந்தது. சரிவின் அடியில் கிணறு, பாதி வழியில் தகரக் கூரைக்குக் கீழே மோட்டார், இரண்டுக்கும் நடுவில் ஒற்றைத் தென்னை. அதற்கும் அப்பால் எங்கள் குடியிருப்பான பத்துபஸ்தியின் வீடுகள், வீடுகளைத் தாண்டி விமானம் இறங்கும் மைதானம். விமானம் வராத நாளில் அந்தப் பக்கம் வெறும் வெளிச்சமாகக் கிடக்கும். அதையே பார்த்துக்கொண்டிருந்தால் கண் தானாகச் சொருகும்.

கட்டிலை ஒட்டிய சுவரில் ஒரு இரும்புக் குழாய் போயிற்று. மோட்டாரிலிருந்து மேலேறி வந்து, சுவரோடு ஊர்ந்து, வீட்டுக்குப் பின்னால் மேடையில் நின்ற டாங்கியில் தண்ணீரைக் கொட்டும் குழாய். மத்தியான வெயிலில் கன்னத்தை அதன்மேல் வைத்துக்கொள்வேன். கன்னம் போன இடத்துக்குக் காதும் போகும். அப்படித்தான் அந்தக் குழாய் பேசுவதெல்லாம் எனக்குக் கேட்க ஆரம்பித்தது. நான் தூங்கினேனா விழித்திருந்தேனா என்று எனக்கே தெரியாத நேரங்கள் அவை.

என் வீட்டுக்காரர் அடைக்கலசாமி ஜெட்டி என்கிற கப்பல்துறை மேடையில் கப்பல் கட்டுகிறவர். கட்டுகிறவர் என்றால் புதிதாகச் செய்கிறவர் இல்லை. வந்து நிற்கும் கப்பலிலிருந்து வீசுகிற கயிற்றைப் பிடித்துக் கரையில் இருக்கும் இரும்புக் குற்றியில் மாட்டி நிறுத்துகிறவர். அந்தக் கை வீட்டுக்கு வந்தாலும் சும்மா இருக்காது. அலமாரியைச் சுவரோடு கட்டியிருந்தார். கோழிக்கூட்டைக் கொய்யாமரத்தோடு கட்டியிருந்தார். மாதா படத்தைக்கூட ஆணியில் மாட்டியது போதாதென்று கயிறு போட்டு இறுக்கியிருந்தார்.

"மாதா எங்கயும் ஓடிப்போக மாட்டா. எதுக்கு இந்தக் கட்டு?" என்று ஒருநாள் கேட்டேன்.

"தீவுல கட்டாத சாமான் நம்ம சாமான் இல்லட்டி. ஒரு காத்து போதும்" என்றார்.

என்னைக் கட்டாமல் விட்டதற்குக் காரணம், கழுத்தில் ஏற்கெனவே ஒன்று கட்டியாயிற்றே என்ற நிம்மதியாகத்தான் இருக்க வேண்டும்.

மோட்டார் வந்ததே எனக்காகத்தான். எங்கள் மேட்டுக்கு ஊர்க் குழாய் வரவில்லை. கிணற்றிலிருந்து குடம் சுமந்து சரிவில் ஏற வேண்டும். நான் மறுபடி முழுகாமல் இருக்கிறேன் என்று தெரிந்ததும் மனுஷன் மெட்ராஸிலிருந்து மோட்டாரை வரவழைத்தார். சாக்கு சுற்றிக் கப்பலில் வந்தது. கிணற்றடியில் மழைத் தண்ணீர் தேங்கும் என்று அதைச் சரிவில் பாதி தூரம் ஏற்றி, சிமெண்டு போட்டு உட்கார வைத்தார். கிணற்றிலிருந்து மோட்டாருக்கு வரும் குழாய் வழியில் தொங்காமல் இருக்கத் தென்னையோடு சேர்த்துக் கட்டினார். கப்பலில் கழித்துப் போட்ட நைலான் கயிறு. அவர் போட்ட முடிச்சை ஆனை வந்து இழுத்தாலும் அவிழ்க்க முடியாது. அன்றைக்குக் குளியலறைக் குழாயைத் திறந்தபோது தண்ணீர் அடித்த அடியில் வாளி சாய்ந்தது. நான் கைகொட்டிச் சிரித்தேன்.

அந்தச் சந்தோஷம் மழை நிற்கும் வரைக்கும்தான். கிறிஸ்மஸ் நெருங்கி வாடை வீசத் தொடங்கியதும் தண்ணீர் மெலிந்தது. முன்பு காப்பி போட்டு முடிப்பதற்குள் நிறைந்த டாங்கி, சோறு குழம்பு எல்லாம் ஆன பிறகும் நிறையவில்லை. அடியில் அரைச் சாண் தண்ணீரை வைத்துக்கொண்டு டாங்கி என்ன செய்யும்? குளியலறைக் குழாய் நூலாக ஒழுகியது. நடுநடுவே இருமியது, துப்பியது. மோட்டாரோ எப்போதும்போல உறுமிக்கொண்டுதான் இருந்தது. சில நாள் உறுமல் மட்டும் இருக்கும், தண்ணீர் ஒரு சொட்டுக்கூட ஏறாது. அப்போது மோட்டாரின் தலையில் இருக்கும் மூடியைத் திறந்து, வாளித் தண்ணீரை ஊற்றி, மறுபடி கிளப்ப வேண்டும்.

அவர் பார்க்காமல் இல்லை. குழாயின் நுனியில் கிணற்றுக்குள் முங்கிக் கிடக்கும் ஃபுட்வால்வை மேலே தூக்கினார். ஏறிய தண்ணீர் திரும்பக் கிணற்றுக்கு இறங்கிவிடாமல் அடைக்கிற மூடி அது. அதில் ஒட்டியிருந்த சருகைப் பிடுங்கி, தேய்ந்த தோலை மாற்றி, திரும்ப இறக்கினார். டாங்கிக்குள் இறங்கிப் பாசியை வழித்தார். கரண்டு குறைவோ என்று பல்பைப் போட்டுப் பார்த்தார், பல்பு நன்றாகவே எரிந்தது. கிணற்றிலிருந்து டாங்கி வரைக்கும் குழாயை ஒவ்வொரு இணைப்பாகத் தடவிப் பார்த்தார். எங்கும் ஈரமில்லை. கடைசியில் கிணற்று மேட்டில் உட்கார்ந்து கடல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையைக் கண்டதும் எனக்குப் புரிந்துவிட்டது, மனுஷன் கடலின்மேல் பழியைப் போடப் போகிறார்.

"வத்தம்தான் காரணம். கெணத்துக்குப் பின்னால கடல்தண்ணி ஏறி எறங்குத கழிதான இருக்கு? கடல் வத்துனா கெணறும் கொஞ்சம் வத்தும். தண்ணி கீழ போயிட்டா மோட்டாரு எப்படி இழுக்கும்? ஏத்தத்துல போட்டாத் தண்ணி வரும் பாரு" என்றார்.

இந்தத் தீவில் எதைக் கேட்டாலும் ஏற்றம், வற்றம் என்றுதான் சொல்வார்கள். தயிர் உறையாவிட்டால் வற்றம். கோழி முட்டையிடாவிட்டால் வற்றம். ஜெட்டியில் வேலை பார்ப்பவர்கள் இன்னும் மோசம், அவர்களுக்குத் தும்மல் வந்தாலும் கடலைக் கேட்டுத்தான் வரும். ஆனால் அவர் சொன்னதில் பாதி நிஜமாக இருந்ததுதான் கெடுதலாகப் போயிற்று. ஏற்றத்தில் போட்டால் தண்ணீர் கொஞ்சம் கூடவே வந்தது. வற்றத்தில் போட்டால் இருமல். அதோடு அவர் தேடுவதை விட்டுவிட்டார். கடல் ஏறும் நேரமெல்லாம் அவருக்கு மனப்பாடம். அந்த நேரத்துக்கு மோட்டாரைப் போடச் சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விடுவார். பக்கத்து வீட்டு ருக்கு அக்கா வந்து சுவிட்சைப் போடுவாள்.

ருக்கு அக்காவின் வீட்டுக்காரர் டெலானிபூரில் ஓர் ஆபீஸில் கிளார்க். அவள் பிறந்தது திருச்சிப் பக்கம். தீவுக்கு வந்து வங்காளிப் பெண்களோடும் தெலுங்குப் பெண்களோடும் பேசிப் பேசி, தமிழில் பாதியை இந்தியாக மாற்றி வைத்திருந்தாள்.

"செல்வி, டாங்கில பானி சுத்தமா பந்த். நான் ரெண்டு பால்ட்டி ஊத்திட்டேன். சிக்கனமா வச்சுக்கோ" என்று சன்னலில் எட்டிப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போவாள்.

அவளுக்கும் வீடு, பிள்ளைகள். எத்தனை வாளிதான் எனக்காகச் சுமப்பாள்? என் வீட்டுக்காரரை வேலைக்காக லாங் ஐலண்டுக்கு அனுப்பினால் திரும்பி வரப் பல நாளாகும். அப்படி அவர் இல்லாத ஒரு நாளில் ருக்கு அக்காவும் வெளியே போயிருந்தாள். தொண்டை வறண்டு, எரிச்சலும் வந்து, சின்னக் குடம்தானே என்று நானே இறங்கித் தண்ணீர் கொண்டுவந்தேன். வாசல்படியில் ஏறும்போது அடிவயிற்றில் ஒரு பிடி பிடித்தது. அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். பிறகு வலி தானாக விட்டது, பிள்ளையும் உள்ளே அசைந்தது. ஆனால் அவர் திரும்பி வந்து சங்கதி கேட்டதும் முகம் கறுத்துப்போயிற்று. மறுநாளே கப்பல் டிக்கெட்டோடு வந்து நின்றார்.

"மெட்ராசுக்குப் போயி, அங்கேருந்து மணப்பாட்டுக்குப் போயிரு. உங்க அம்ம பாத்துக்கிடுவா. தண்ணி சரியா வந்தா இங்க இரு. வரல்லன்னா இந்தக் கப்பல்ல போ."

"நான் போக மாட்டேன்."

"தண்ணியில்லாத வீட்ல எப்படிட்டி இருப்ப?"

"நான் போக மாட்டேன்" என்று மறுபடி சொன்னேன்.

போன தடவை போயிருந்தேன். அம்மா வீட்டில்தான் என் மூத்த மகன் பிறந்தான். ஒரு பகல் முழுக்க இருந்தான், விளக்கேற்றும் நேரத்தில் போய்விட்டான். தந்தி இங்கே வந்து சேர்வதற்குள் அவனைக் கோயில் கல்லறையில் வைத்தாயிற்று. நான் திரும்பி வந்த கப்பலின் கயிற்றை ஜெட்டியில் நின்று பிடித்தவர் இவர்தான். ஆயிரம் பேர் இறங்குகிற கூட்டத்தில், கயிற்றைக் குற்றியில் மாட்டிக்கொண்டே, வெறுங்கையோடு நான் படியிறங்குவதைப் பார்த்தார். வீட்டுக்கு வந்து விளக்கை அணைத்த பிறகு ஒன்றே ஒன்று கேட்டார்.

"மொகம் எப்படி இருந்துச்சு?"

நான் சொன்னேன். நெற்றி உங்களுடையது, காது உங்களுடையது, மூக்கு எங்கள் அப்பாவுடையது என்று சொன்னேன். எவ்வளவு சொன்னாலும் ஒரு முகத்தைச் சொல்லித் தர முடியவில்லை. அந்த முகத்தைத் தெரிந்தவள் இந்தத் தீவில் நான் ஒருத்திதான். இந்தப் பிள்ளையை அப்படிப் பெற எனக்கு மனசில்லை. அவரும் பக்கத்தில் இருக்க வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான், அதற்குத் தண்ணீர் மேலே ஏற வேண்டும்.

கப்பல் மெயின்லேண்டிலிருந்து புறப்பட்டுவிட்டது என்று சேதி வந்தது. அது வந்து, சாமான் இறக்கி, ஆள் ஏற்றித் திரும்பும். அதற்குள் தண்ணீர் சரியாக வேண்டும். என்னால் எழுந்து போய் எதையும் பார்க்க முடியாது. என்னிடம் இருந்தது ஒரு சன்னலும் ஒரு குழாயும்தான். சரி, அதையாவது ஒழுங்காகப் பார்ப்போம், கேட்போம் என்று வைராக்கியமாகப் படுத்துக்கொண்டேன்.

முதலில் தண்ணீரையே பார்த்தேன். ருக்கு அக்கா கண்ணாடி டம்ளரில் பிடித்துவந்து வைத்தாள். பால்போல வெள்ளையாக இருந்தது.

"கடல் உள்ள வந்துடுச்சு போல. இல்லன்னா சுண்ணாம்பு. குடிக்காத" என்றாள்.

நான் ஒரு வாய் குடித்தேன். உப்புமில்லை, கரிப்புமில்லை, எங்கள் கிணற்றின் ருசிதான். டம்ளரைச் சன்னல் கட்டையில் வைத்துவிட்டு அதையே பார்த்தபடி கிடந்தேன். வெள்ளை மெதுவாக அடியிலிருந்து தெளிய ஆரம்பித்தது. சுண்ணாம்பாக இருந்தால் கீழே படிந்து மேலே அல்லவா தெளிய வேண்டும்? இது கீழே தெளிந்து மேலே போயிற்று. கடைசி வெள்ளைக் கீற்று விளிம்புக்கு வந்து ஒன்றுமில்லாமல் மறைந்தது. அதைப் பார்க்கவே அழகாக இருந்தது. தண்ணீருக்குள் யாரோ மூச்சு விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று தோன்றியது. கண்ணைச் சொருகிக்கொண்டு வந்தது. மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. குழாயில் கன்னத்தை வைத்துக்கொண்டேன்.

அப்போது அந்தச் சத்தம் கேட்டது. பல நாளாகக் கேட்டுக்கொண்டிருந்த சத்தம்தான், கனவு என்று விட்டிருந்தேன். ஸ்ஸ்க். கொஞ்சம் பொறுத்து மறுபடி, ஸ்ஸ்க். அரைத் தூக்கத்தில் என் மார்பு கனத்தது. என் மகன் அந்த ஒரே பகலில் பால் குடித்தபோது எழுந்த சத்தம் அது. அவனுக்கு வாய் சரியாகப் பொருந்தவில்லை. இழுப்பான், இழுக்கும்போதே வாயோரத்தில் காற்றும் சேர்ந்து போகும். ஸ்ஸ்க் என்று கேட்கும். வெளியே ஒரு துளி பால் சிந்தவில்லை, ஆனால் அவன் வயிற்றுக்குப் பாலும் போகவில்லை. அம்மா தலையைத் திருப்பித் திருப்பி வைத்துப் பார்த்தாள். "வாய் பொருந்தலடி, காத்தைத்தான் குடிக்கான்" என்றாள். இதை நான் அவரிடம்கூடச் சொன்னதில்லை.

கண்ணைத் திறந்தேன். சன்னலுக்கு வெளியே தென்னை ஆடிக்கொண்டிருந்தது. வாடை தள்ளும்போது தென்னை கழிப் பக்கம் சாய்ந்தது, குழாய் என் காதோடு ஸ்ஸ்க் என்றது. தென்னை நிமிர்ந்தது, குழாய் அமைதியாயிற்று. மறுபடி சாய்ந்தது. மறுபடி ஸ்ஸ்க். தென்னையும் குழாயும் எனக்காகச் சேர்ந்து தாலாட்டு பாடுவதுபோல இருந்தது. எவ்வளவு நேரம் அப்படியே கிடந்தேனோ தெரியாது. உடம்பு நகர மறுத்தது. காற்று ஓய்ந்தபோது தென்னை அசையாமல் நின்றது. அப்போது தண்ணீர் ஒரே சீராகச் சுவரோரம் ஏறிப் போயிற்று.

அன்றைக்குத்தான் கப்பல் வந்திருந்தது. அவர் அதைக் கட்டிவிட்டு, சாயந்திரம் களைத்துப்போய் வந்தார். வந்ததும் என் பெட்டியை எடுத்துக் கட்டிலுக்கு அடியில் வைத்தார். அதிலும் ஒரு கயிறு.

"பெட்டி கெடக்கட்டும். மோட்டாருக்கு வாற கொழாய்ல வாய் பொருந்தல" என்றேன்.

"என்னது?"

"கெணத்துலேருந்து மோட்டாருக்கு வாற கொழாய். தென்னையில கட்டியிருக்கியள்ளா, அங்கன எங்கயோ காத்த இழுக்கு. தென்ன ஆடுத போதெல்லாம் இழுக்கு. நான் கேட்டேன்."

"நான் தடவிப் பாத்தாச்சு செல்வி. ஒரு சொட்டு ஒழுகல."

"ஒழுகாது! அது உறிஞ்சுத கொழாய். அதுல ஓட்ட இருந்தா வெளிய எப்படித் தண்ணி வரும்? காத்துல்லா உள்ள போவும்!"

அவர் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டார். "வத்தம்" என்று முணுமுணுத்தார். எனக்கு வந்த கோபத்துக்கு எழுந்து நடந்திருப்பேன், வயிறுதான் தடுத்தது.

"ருக்குக்கா!" என்று கத்தினேன். அவள் கரண்டியோடு ஓடிவந்தாள். "சாம்பிராணித் தட்டு எடுத்துட்டு வாங்க. நெறைய நெருப்பு போட்டுக் கொண்டாங்க."

"அரே, வெள்ளிக்கிழமைன்னா நான் போடுவேன், சனிக்கிழமைன்னா நீ போடுவ. இன்னிக்கு எந்தச் சாமிக்கு?"

"மோட்டார் சாமிக்கு" என்றேன்.

இருட்ட இன்னும் நேரமிருந்தது. காற்று ஓய்ந்து, மைதானத்தின் மேல் வானம் ரோஸ் நிறத்தில் இருந்தது. அவர் வேண்டாவெறுப்பாக மோட்டாரைப் போட்டார். ருக்கு அக்கா தட்டைத் தூக்கிக்கொண்டு சரிவில் இறங்கினாள். நான் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மேலேயிருந்து உத்தரவு போட்டேன். தென்னைக்குப் பக்கத்தில், கயிற்றுக் கட்டுக்கு மேலே, குழாய் மோட்டார் பக்கம் திரும்புகிற எல்போ இருந்தது. அதற்கு நேர்கீழே தட்டைப் பிடிக்கச் சொன்னேன். புகை நேராக மேலே போயிற்று. எல்போவைத் தாண்டி, தென்னையைத் தாண்டி, எதையும் கண்டுகொள்ளாமல் போயிற்று.

"பாத்தியாட்டி? ஒண்ணுமில்ல" என்றார் அவர்.

"தென்ன ஆடலயே. ஆட்டுங்க!"

"தென்னைய யாராலட்டி ஆட்ட முடியும்?"

"கப்பலையே இழுத்துக் கட்டுதவியதானே? கயித்தப் பிடிச்சி இழுங்க!"

அவர் தென்னை முடிச்சிலிருந்து தொங்கிய கயிற்று நுனியைக் கையில் சுற்றி, காலைச் சரிவில் ஊன்றி, உடம்பைச் சாய்த்து இழுத்தார். குழாய் ஒரு மயிரிழை அசைந்திருக்கும். மோட்டாரின் உறுமல் மாறியது. நேராகப் போய்க்கொண்டிருந்த புகை நின்றது, வளைந்தது, நூலாகத் திரண்டது, எல்போவின் கழுத்துக்குள் போய் மறைந்தது. அவர் விட்டார். புகை திரும்ப வானத்துக்குப் போயிற்று. மறுபடி இழுத்தார். மறுபடி வளைந்து உள்ளே போயிற்று.

ருக்கு அக்கா தட்டைப் பிடித்தபடி வாயைத் திறந்து நின்றாள். "ஹே பகவான், குழாய் சாம்பிராணி குடிக்குது" என்றாள்.

அவர் துணி துவைக்கும் சோப்பைத் தண்ணீரில் குழைத்து எல்போவின் கழுத்தைச் சுற்றி அப்பினார், அதன்மேல் களிமண்ணை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டார். உறுமல் தாழ்ந்தது. என் சுவரோரக் குழாயில் பாய் சுருட்டுவது போன்ற ஒரு சத்தம் எழுந்து ஏறிப் போயிற்று. பின்னாலிருந்து டாங்கியில் தண்ணீர் விழும் ஓசை கேட்டது. நான் சிரித்தேன், அழுதேன், இரண்டும் சேர்ந்தே வந்தன. ருக்கு அக்கா கீழிருந்து "ஆயா! ஆயா! பானி ஆயா!" என்று தண்ணீர் வந்ததை இந்தியில் கத்தினாள்.

அவர் மேலே வந்தபோது கை நிறைய மண். கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

"கப்பலா இருந்தா, ஏறி எறங்கத் தோதாத் தளர்வு விட்டுக் கட்டியிருப்பேன். இரும்புதானன்னு இறுக்கிட்டேன். மரம் ஆடும்னு தோணல. நம்ம கட்டுன கட்டு, அங்க போயி யாரு பாக்கா?"

"அது கெடக்கட்டும். நீங்க ஏன் தேடுறத விட்டிய?" என்று கேட்டேன். "கடல்தான்னு சொல்லி உக்காந்துட்டியளே. நீங்க அப்படிப்பட்ட ஆளில்ல. கோழிக்கூட்டுல ஒரு கம்பி ஆடுனா நீங்க தூங்க மாட்டிய."

அவர் நகத்தில் இருந்த மண்ணைச் சுரண்டிக்கொண்டிருந்தார். பிறகு தலையைத் தூக்காமலே சொன்னார்.

"கடல்னா நான் ஒண்ணும் செய்ய முடியாதுல்லா செல்வி. நீ போயிருவ. அங்க என்ன ஆனாலும் எனக்குச் சேதிதான் வரும். போன தடவ சேதிதான வந்துச்சு, அதத் தாங்கிட்டேன். இங்க வச்சு, என் கண்ணு முன்னால ஒண்ணு ஆயிட்டா, நான் எப்படித் தாங்குவேன்?"

எனக்குக் கோபம் வர வேண்டும். வரவில்லை. இத்தனை நாள் இந்த மனுஷனைக் கல் என்று நினைத்திருந்தேன், அதற்காக வெட்கமாக இருந்தது. மண்ணோடு இருந்த அவர் கையை எடுத்து வயிற்றின்மேல் வைத்துக்கொண்டேன். உள்ளே ஒரு கால் உதைத்தது.

"போன தடவ அந்த மொகத்த நான் ஒருத்தியாப் பாத்தேன். உங்களுக்குச் சொல்லிச் சொல்லிப் பாத்தேன், சொல்லத் தெரியல. இன்னொரு தடவ என்னால சொல்ல முடியாது. நல்லதோ கெட்டதோ, நீங்களே பாருங்க" என்றேன்.

அவர் கையை எடுக்கவில்லை. டாங்கி நிரம்பி வழிந்து கொய்யாமரத்தடியில் கொட்ட ஆரம்பித்த பிறகுதான் எழுந்து போய் மோட்டாரை நிறுத்தினார்.

மறுநாள் விடிந்ததும் அரிவாளோடு இறங்கினார். அந்த முடிச்சை அவராலேயே அவிழ்க்க முடியவில்லை, கயிற்றை வெட்டித்தான் எடுத்தார். எல்போவைக் கழற்றி, மரையில் புதுச் சணல் சுற்றி, வெள்ளை பெயின்ட் பூசி, திரும்ப முறுக்கினார். குழாயைத் தென்னையிலிருந்து ஒதுக்கி, அடியில் கல் அடுக்கி, அதன்மேல் உட்கார வைத்தார். பிறகு குளித்துவிட்டு ஜெட்டிக்குக் கிளம்பினார். போகும்போது என் பெட்டியின் கயிற்றை அவிழ்த்துவிட்டுப் போனார்.

மத்தியானம் கப்பல் ஊதுவது கேட்டது. இங்கே படுத்துக்கொண்டே எனக்குத் தெரிந்தது, இப்போது அவர் குற்றியிலிருந்து கயிற்றைக் கழற்றித் தண்ணீரில் விடுகிறார். சன்னலில் தென்னை கழிப் பக்கம் சாய்ந்தது, நிமிர்ந்தது. காதைக் குழாயில் வைத்துக் கேட்டேன். தண்ணீர் மட்டும் போய்க்கொண்டிருந்தது. கேட்டுக்கொண்டே அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன்.

பாஸ்கா என்கிற ஈஸ்டர் பண்டிகை முடிந்த வாரத்தில் எங்கள் மகள் பிறந்தாள். ஆஸ்பத்திரி வராந்தாவில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றவரிடம் நர்ஸம்மா பிள்ளையைக் காட்டினாளாம். தொடவே பயந்தாராம். வீட்டுக்கு வந்த பிறகும் சன்னல் வெளிச்சத்தில் வைத்து வைத்துப் பார்த்தார். பிள்ளை பால் குடிக்கும்போது நான் காதைக் கூர்மையாக்கிக்கொண்டு இருப்பேன். வாய் நன்றாகப் பொருந்தியிருந்தது. ஒரு சத்தம் இல்லை.

வீட்டில் அவளை முதல் தடவை குளிப்பாட்டும்போது ருக்கு அக்கா காலை நீட்டி உட்கார்ந்தாள். வெந்நீரில் விளாவத் தண்ணீர் பிடிக்க அவர் குழாயைத் திறந்தார். அடித்த அடியில் வாளி சாய்ந்து, அவர் வேட்டி நனைந்து, பிள்ளை வீரிட்டாள். குழாயை மூடக்கூடத் தோன்றாமல் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நெத்தி என் நெத்தி. மூக்கு உங்க அப்பா மூக்கு" என்றார். என்னைத் திரும்பிப் பார்க்காமல் கேட்டார். "அவனும் இப்படித்தான் இருந்தானா செல்வி?"

"இப்படித்தான் இருந்தான்" என்றேன்.

தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது.